பொரி தின்னும் மீனுக்குச் செருப்பில் வெட்டிய ஈ

பொங்கல் கழிந்துவிட்டால் கோத்தகிரியில் தையல் கடை வைத்திருப்பவன் ஈ ஓட்ட வேண்டியதுதான். நான் ஈ கட்டுகிறேன். தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றி, மீனின் கண்ணுக்குப் பூச்சியாகத் தெரியும்படி செய்கிற வேலை அது. ஃப்ளை ஃபிஷிங் என்று ஊட்டி கிளப்புகளில் சொல்வார்கள். நான் ஈத் தூண்டில் என்கிறேன்.

இந்தப் பழக்கம் ஒரு சட்டையில் தொடங்கியது. பல வருடங்களுக்கு முன் ஓய்வுபெற்ற எஸ்டேட் மேலாளர் ஒருவர், ஜிப் அறுந்த கையில்லாத சட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். எண்ணிப் பார்த்தேன், பதினோரு பாக்கெட். இத்தனை பாக்கெட்டில் எதை வைப்பீர்கள் என்று கேட்டேன். ஒவ்வொரு பாக்கெட்டாகத் திறந்து காட்டியதில் என் மதியச் சோறு ஆறிப்போனது. கூலிக்குப் பதிலாக, வளையம் ஒன்று உடைந்த 9 அடித் தூண்டில் கோலைத் தரட்டுமா என்றார். 5ஆம் எண் கோல், எந்த எடைக் கயிற்றுக்கு ஏற்றது என்பதைச் சொல்லும் எண் அது. ஜிப் மாற்ற நான் கேட்டிருந்தது நாற்பது ரூபாய். அதைவிட நல்ல வியாபாரம் நான் இன்றுவரை செய்ததில்லை.

அவருக்கு மீன் என்றால் டிரவுட்தான். 1860களில் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே நீலகிரிக்கு டிரவுட் முட்டைகளைக் கொண்டுவர முயன்று தோற்றதையும், மீன் வளர்ப்பு நிபுணர் ஹென்றி சார்லஸ் வில்சன் 1907இல் ஊட்டிக்கு அப்பால் அவலாஞ்சியில் மீன் முட்டைப் பொரிப்பகம் கட்டி அதில் வென்றதையும் தன் வீட்டுப் பெரியவர்களைப் பற்றிப் பேசுவது போலச் சொல்வார். உரிமச் சீட்டு வாங்கி ஒரு முறை என்னையும் அந்தப் பக்கம் அழைத்துப் போனார். ஒரு சாண் நீளத்தில் ஒன்று மாட்டியது. விலாவில் ஓடிய இளஞ்சிவப்புப் பட்டையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டேன். அழகான மீன்தான், மறுக்கவில்லை. ஆனால் கோத்தகிரியிலிருந்து ஊட்டி, ஊட்டியிலிருந்து வண்டி, உரிமம், ஒரு நாள் கடையடைப்பு என்று கூட்டினால் பத்து ஜாக்கெட் தைத்த கூலி போய்விடும். அதற்கு மேல், குளிர்காலம் அந்த மீன் முட்டையிடும் காலம். அப்போது அதைத் தொந்தரவு செய்யாமல் விடுவதுதான் முறை. என் கையில் நேரம் இருப்பதோ தை மாசியில்.

ஆகவே டிரவுட் இல்லாத நாட்களில், பஸ் டிக்கெட் செலவிலேயே எங்கே கோல் வீசலாம் என்று தேட ஆரம்பித்தேன். எனக்குக் கிடைத்தவை இரண்டு இடங்கள். மேலே ஒரு குட்டை, கீழே ஓர் ஆறு.

முதலில் செலவைச் சொல்லிவிடுகிறேன், பலரும் தொடங்காமல் நிற்பது இங்கேதான். கோல் மட்டமானதாக இருக்கலாம். சுருள், அதாவது ரீல், இந்தச் சிறு மீன்களுக்கு நூலைச் சுற்றிவைக்கும் உருளை, அவ்வளவுதான். அதில் காசைக் கொட்டாதீர்கள். காசு போட வேண்டியது வீசும் கயிற்றில். மற்றத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நைலான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஈத் தூண்டிலில் ஈக்கு எடையே கிடையாது, தடித்த கயிற்றின் எடைதான் அதைச் சுமந்து போக வேண்டும். நான் முதலில் மலிவான கயிறு வாங்கினேன். சுருண்டு சுருண்டு, தண்ணீரில் பாதி முழுகிக்கொண்டே இருந்தது. நூல் மட்டமானால் எந்த இயந்திரமும் தைக்காது என்று தினமும் வாடிக்கையாளருக்குச் சொல்கிற நானே ஏமாந்தேன். கோலின் எண்ணும் கயிற்றின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

கயிற்றின் நுனியில் கட்டும் மெல்லிய நரம்பைக் கூம்பு வடிவில் தனியாக விற்கிறார்கள். வாங்க வேண்டாம். கோயம்புத்தூரில் வலை விற்கும் கடையில் 0.40, 0.30, 0.20 மில்லிமீட்டர் நைலான் நரம்பு மூன்று உருண்டை வாங்கினால் இரண்டு வருடத்துக்குக் காணும். 4 அடி, 3 அடி, 2 அடி என்று தடித்ததிலிருந்து மெல்லியது வரை முடிந்துகொள்ளலாம். இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து, வளையத்துக்குள் இரண்டு முறை விட்டு, எச்சில் தொட்டு இறுக்க வேண்டும். எச்சில் இல்லாமல் இறுக்கினால் நரம்பு சூடேறி அந்த இடத்திலேயே பலம் போய்விடும். முள் வாங்கும்போது கை ஊசியை நினைத்துக்கொள்ளுங்கள். எண் ஏற ஏற முள் சிறுக்கும். என்னிடம் இருப்பது 10, 12, 14 மூன்றும்தான்.

ஈ கட்டும் பொருட்களில் பாதி என் கடையிலேயே இருந்தது. கறுப்புத் தையல் நூல், கம்பளி நூல் துண்டு, பாவாடைக்கு வைத்து மிஞ்சிய ஜரிகை. ஜரிகை இழையைக் கறுப்பு உடம்பின் மேல் இடைவெளி விட்டுச் சுற்றினால் நீரில் பூச்சியின் வயிற்று வளையம் போல மினுக்கும். கோழிக்கடையில் சேவலின் கழுத்து இறகைக் கேட்டால் பையோடு கொடுத்துவிடுவார்கள். சோப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் காயவைத்து, ஒரு கற்பூரத்தோடு மூடிவையுங்கள். காயாமல் டப்பாவில் அடைத்து ஒரு முறை கடையே நாறிப்போனது. மணப்பெண் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

இனி குட்டைக்கு வருகிறேன். என் சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் கேரட், பீன்ஸ் போடுகிற தோட்டத்தில் பாசனத்துக்காக வெட்டிய குட்டை. அதில் கார்ப் மீன் விட்டிருக்கிறார். இலங்கையிலிருந்து 1939இல் ஊட்டி ஏரிக்குக் கொண்டுவந்து விட்ட இனம் இன்று மலை முழுக்க அங்கங்கே இருக்கிறது. டிரவுட்காரர்கள் இதைச் சேற்று மீன் என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். இழுவையில் இது டிரவுட்டுக்கு இளைத்ததில்லை.

முதல் மூன்று வாரம் எனக்கு ஒன்றுகூட மாட்டவில்லை. எஸ்டேட் ஐயா கொடுத்திருந்த அழகான ஈக்களை எல்லாம் வீசிப் பார்த்தேன். கார்ப் அருகில் வரும், பார்க்கும், போய்விடும். நான்காவது வாரம் தோட்டக்காரரின் பேத்தி கையில் பொரிப் பொட்டலத்தோடு வந்து கரையில் உட்கார்ந்தாள். ஒரு பிடி அள்ளி வீசினாள். ஐந்து நிமிடத்தில் குட்டையின் அந்த மூலை முழுவதும் வாய். பொங்கலுக்குப் பொங்கல் ஊட்டியிலும் கோயில் குளங்களிலும் பொரி வீசிப் பழகிய எனக்கு இது ஏன் முன்பே தோன்றவில்லை?

அன்று இரவு வீட்டில் தேய்ந்துபோன ஹவாய் செருப்பு ஒன்றை எடுத்து, அதன் வெள்ளை மேல்பாகத்தைப் பொரி அளவுக்கு வெட்டினேன். வயிற்றுப் பக்கம் பிளேடால் கீறி, 10ஆம் எண் முள்ளின் தண்டில் முதலில் நூல் சுற்றி, பசை தொட்டு, கீறலை அதன் மேல் கவ்வவைத்து நடுவில் இரண்டு கட்டு. ஒரு செருப்பில் இருநூறு ஈ வரும். வெறும் முள்ளின் விலைதான் செலவு.

மறுவாரம் நானே பொரி வாங்கிப் போனேன். கவனிக்க வேண்டியது நேரம். தை மாதப் பனியில் விடியற்காலை போய்ப் பயனில்லை. கார்ப் அடியில் மரத்துக் கிடக்கும். வெயில் ஏறி மேல்நீர் சற்று வெதுவெதுப்பாகும் 11 மணிக்கு மேல்தான் அது பசியை நினைக்கும். பொரியைக் கொஞ்சமாக வீசிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூன்று நான்கு மீன் அச்சமில்லாமல் தின்னத் தொடங்கிய பிறகுதான் ஈ. அதையும் மீனின் தலையில் போடாமல், அது போகிற வழியில் இரண்டு முழம் முன்னால் போட வேண்டும்.

அடுத்தது கையை அடக்குவது. கார்ப் வாயைத் திறந்து ஈயை உறிஞ்சுவது கண்ணுக்கே தெரியும். தடித்த உதடு வெள்ளை வளையமாக விரியும், ஓரத்து மீசை நடுங்கும். பார்த்த பதற்றத்தில் வெடுக்கென்று இழுத்தால் திறந்த வாயிலிருந்து ஈ அப்படியே திரும்பி வந்துவிடும். நான் அப்படி ஏழெட்டு மீனை விட்டேன். வாய் மூடி, தலை கீழே திரும்பி, கயிற்றின் நுனி நகர்வது வரை பொறுக்க வேண்டும். நான் மனதுக்குள் "முருகா" என்று ஒரு முறை நிதானமாகச் சொல்லிவிட்டுத் தூக்குகிறேன். அன்று இரண்டரைக் கிலோ மீன் ஒன்று கோலை அரை வட்டமாக வளைத்துக்கொண்டு குட்டையை இரண்டு சுற்று சுற்றியது. தோட்டக்காரருடன் ஒப்பந்தம் எளிது: பிடிக்கிற மீன் அவருக்கு, பிடிக்கிற சுகம் எனக்கு, வருடத்துக்கு ஒரு முறை பேத்திக்குப் பாவாடை சட்டை.

குட்டை சலித்தால் ஆறு. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். மேலே ஸ்வெட்டரோடு முதல் பஸ் ஏறினால் கீழே சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டு இறங்கலாம். குளிரில் மேலே மீன் மந்தமாக இருக்கும் நாட்களில் கீழே பவானியில் எல்லாம் சுறுசுறுப்பு. ஊருக்குள் சாக்கடை கலக்கும், அங்கே வேண்டாம். மேல்பக்கம், நெல்லித்துறை போகும் வழியில், பாக்குத் தோப்பும் வாழையும் ஆற்றை ஒட்டி வருகிற இடங்கள் எனக்குப் பிடித்தவை. கோயில் படித்துறைகளை விட்டு விலகியே நிற்பேன். நேர்த்திக்கு வருகிறவர்கள் குளிக்கிற இடத்தில் முள் வீசக் கூடாது.

முதல் நாளே ஒரு வம்பு. ஈத் தூண்டிலில் கயிறு முன்னால் போவதற்கு முன் பின்னால் முழுதாக நீண்டு விரிய வேண்டும். அதற்காகக் கோலைப் பின்னுக்குக் கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்துவோம். நிறுத்தினேன், முன்னால் வீசினேன், வரவில்லை. திரும்பிப் பார்த்தால் புதரில் காயப்போட்டிருந்த ஒரு மாம்பழ நிறச் சேலையின் முந்தானையில் ஈ. சேலைக்காரர் துவைக்கிற கல்லிலிருந்து எழுந்து வந்தார். "அக்கா, நான் தையல்காரன், தெரியாதபடி சரிசெய்து தருகிறேன்" என்றேன். "தையல்காரனா? அப்படியென்றால் பார்த்துக் குத்தியிருக்க வேண்டாமா தம்பி?" என்றார். மறுவாரம் இழையோட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கிழிசலைத் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு வேறு இரண்டு சேலைகளுக்கு ஓரம் அடிக்கக் கொடுத்தனுப்பினார், கூலி இல்லாமல்.

பின்னால் இடமில்லாத கரையில் கயிற்றைப் பின்னுக்கு விடாமலே வீசலாம். முன்னால் நீரில் கிடக்கும் கயிற்றை மெதுவாகத் தோள்வரை இழுத்து, அது உடம்புக்குப் பக்கத்தில் தொய்ந்து தொங்கும்போது கோலை முன்னோக்கிச் சட்டென்று வெட்டினால் கயிறு வளையமாக உருண்டு போகும். பவானிக் கரையில் இந்த வீச்சு ஒன்று தெரிந்தால் போதும். பள்ளிக்கூட மைதானத்தில் பழக முடியாது, நீர்ப்பரப்பின் பிடிப்பு இருந்தால்தான் வரும்.

இங்கே மூன்று வகை மீன்கள். ஓடும் நீரில் விரல் நீள மீன் ஒன்று, பக்கவாட்டில் நீலப் பட்டைகள் வரிசையாக இருக்கும், பரிலியஸ் இனம். கரையில் இருப்பவர்கள் பொடி என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் மிதக்கிற 14ஆம் எண் ஈ மேலே ஒரு கணம் நின்றால் போதும், அம்பு மாதிரி வரும். இங்கே முருகனைக் கூப்பிட நேரமில்லை, கண்டதும் தூக்க வேண்டும். டிரவுட்டுக்காகப் பழக நினைப்பவர்கள் ஒரு மாதம் இந்த மீனோடு இருந்தால் கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யும்.

தேங்கிய நீரில் ஜிலேபிக் கெண்டை. 1952இல் இந்தியாவுக்குள் வந்த இந்த ஆப்பிரிக்க மீன் இப்போது இல்லாத குளம் இல்லை. ஆழமில்லாத மணலில் தட்டு மாதிரி பள்ளம் பறித்து ஆண் மீன் காவல் நிற்கும். ஜரிகை சுற்றிய கறுப்பு ஈயை அந்தப் பள்ளத்துக்குள் மூழ்கவிட்டு மெல்ல நகர்த்தினால் பசிக்காக இல்லாவிட்டாலும் கோபத்துக்காகக் கவ்வும். ஒரு முறை பெண் மீன் ஒன்று மாட்டியது. முள்ளை எடுக்க வாயைத் திறந்தேன், என் உள்ளங்கையில் கடுகு அளவில் குஞ்சுகள் கொட்டின. இன்னும் மஞ்சள் கரு வயிற்றில் ஒட்டியிருந்தது, கண் மட்டும் கறுப்புப் புள்ளி. வாய்க்குள் வைத்துக் குஞ்சு வளர்க்கிற மீன் என்று கேட்டிருந்தேன், கையில் துடித்தபோதுதான் உறைத்தது. கையை நீருக்குள் அமிழ்த்தித் தாயையும் அங்கேயே விட்டேன். அந்நிய மீன், கொன்றால்தான் ஆற்றுக்கு நல்லது என்று நண்பர் ஒருவர் வாதாடினார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு, மற்ற ஜிலேபிகளை நான் குழம்புக்குத்தான் கொண்டுபோகிறேன். அன்று மட்டும் முடியவில்லை.

மூன்றாவது மகசீர். எப்போதாவது உள்ளங்கை நீளக் குட்டி வரும். பெரிய செதில், தங்க நிறம், தடித்த உதடு, இரண்டு ஜோடி மீசை. காவிரிக்கும் அதன் கிளையாறுகளுக்கும் மட்டுமே உரிய திமில் மகசீர் அழிவின் விளிம்பில் இருப்பதாக 2018இல் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எந்த மகசீராக இருந்தாலும் நீரை விட்டு வெளியே எடுக்காமல் விட்டுவிடுங்கள். இதற்காகவே முள்ளின் உட்புறக் கொக்கியைக் குறடால் நசுக்கி வைக்கிறேன். நசுக்கிய முள் சேலையிலிருந்தும் சுலபமாக வரும்.

இனி ஆற்றைப் பற்றி ஒன்று. மேலே பில்லூர் அணையில் மின்சாரத்துக்காக நீர் திறந்தால், மழையில்லாத நாளிலும் பவானி ஏறும். இதைக் கேள்விப்பட்டிருந்தும் ஒரு மாசி மாதம் கணுக்கால் நீரில் கல் தாண்டிக் கல் தாண்டி ஆற்று நடுப்பாறைக்குப் போனேன். மீன் துள்ளிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நீரில் வாழைச் சருகும் நுரையும் கூடுதலாக வந்தன. ஆற்றின் சத்தம் ஒரு படி தடித்தது. கரையில் மூங்கில் தூண்டிலோடு இருந்த பெரியவர், "தம்பி, மீனை விடுங்கள், கரைக்கு வாருங்கள்" என்று கத்தினார். இன்னும் ஒரே ஒரு வீச்சு என்று நினைத்தேன். திரும்பியபோது மிதித்து வந்த கற்களைக் காணவில்லை. தொடையளவு நீரில் கோலை ஊன்றித் தடுமாறி ஏறினேன். நாற்பது ஈ இருந்த பல்பொடி டப்பாவும் ஒரு செருப்பும் பவானிசாகர் பக்கம் போய்விட்டன. தவறு முழுக்க என்னுடையது.

பெரியவர் பாறையைக் காட்டினார். என் இடுப்பு உயரத்தில் வண்டல் வெளுத்த கோடு. "அதுவரை வரும் என்று ஆறே எழுதிவைத்திருக்கிறது" என்றார். அன்றிலிருந்து நீரோரம் ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டுத்தான் கயிறு பிரிப்பேன். கல் நனைந்தால் கடையைக் கட்டிவிடுவேன். நடுப்பாறைக்குப் போவதில்லை. மாலை 5 மணிக்குள் கிளம்பிவிடுவேன், அந்தத் தோப்புகளுக்கு யானை வருகிற நேரம் அது. சிறுமுகைக்குக் கீழே நீர்த்தேக்கப் பக்கம் முதலை உண்டு, அங்கே காலை நனைப்பதே இல்லை.

எங்கே போனாலும் கேட்டுவிட்டு வீசுங்கள். முக்கூர்த்தி தேசியப் பூங்கா, முதுமலைப் புலிகள் காப்பகம் இரண்டும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, முதுமலை வழியே ஓடும் மாயாற்றில் பெரிய மீன் இருக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். அணைகளிலும் ஏரிகளிலும் மீன் உரிமை பெரும்பாலும் குத்தகைக்குப் போயிருக்கும். மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்தால் யாரிடம் கேட்பது என்று சொல்லிவிடுவார்கள். குத்தகைக்காரரிடம் நேரில் போய்ப் பேசினால், இந்த வேடிக்கையைப் பார்க்கவே பாதிப் பேர் சரி என்பார்கள்.

அந்தப் பெரியவர் என் கோலை முதலில் மதிக்கவே இல்லை. எடையில்லாத நூலை ஆகாயத்தில் ஆட்டி என்ன சாதிக்கிறீர்கள் என்பார். ஒரு நாள் அவருடைய மண்புழு தீர்ந்துவிட்டது. செருப்புப் பொரி ஒன்றைக் கொடுத்தேன். தன் 12 அடி மூங்கிலில், சுருளும் இல்லாமல் விலைக் கயிறும் இல்லாமல், கோல் நீளத்துக்கு நரம்பு கட்டி, அத்தி மரத்து நிழலில் அதை நீர் மேல் தொட்டும் தொடாமலும் வைத்தார். ஜப்பானில் டென்காரா என்ற பெயரில் இப்படிச் சுருளில்லாத கோலால்தான் மலை ஓடைகளில் மீன் பிடிக்கிறார்கள். அவருக்கு அதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. மூன்றாம் முறை வைத்தபோது மூங்கில் வளைந்தது. அந்தச் சீசனில் நான் பிடித்த எதையும்விடப் பெரிய ஜிலேபி.

மீனைக் கூடையில் போட்டுவிட்டு ஈயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே அத்திப்பழம் ஒன்று உதிர்ந்து நீரில் விழுந்தது, உடனே ஒரு வளையம்.

"இதையே அத்திப்பழ நிறத்தில் கட்ட முடியுமா?" என்றார்.

கொடுத்த வெள்ளை ஈயை அவர் திருப்பித் தரவில்லை. நான் இப்போது வாடிக்கையாளர் கடை வாசலில் கழற்றிப் போடும் செருப்புகளில் கருஞ்சிவப்பு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.